தங்கம் நிறுத்த பித்தளை முதலைகள்

ஜூன் இரண்டாம் வாரம் நான் சிங்கப்பூர் போனது ஊர் பார்க்க அல்ல. திருச்சியில் தனியாக இருக்கும் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து, அவரைக் கோவைக்கு அழைத்துக்கொள்கிறேன் என்று நானும், சிங்கப்பூருக்கு வரட்டும் என்று தங்கை சுதாவும் போனிலேயே முட்டிக்கொண்டிருந்தோம். நேரில் பேசினால் தீரும் என்று நினைத்தேன். முதல் நாள் சாப்பாட்டு மேசையிலேயே பேச்சு முறிந்துவிட்டது.

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பியதும் நானும் வெளியேறினேன். அவள் வீடு இருக்கும் சுவா சூ காங்கிலிருந்து ரயிலில் நியூட்டன், அங்கே மாறி லிட்டில் இந்தியா. 45 நிமிடம், சுமார் இரண்டு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். தோசையைப் பாதியில் வைத்தேன். ஜாலான் புசார் வரை நடந்தேன், திரும்பினேன். எந்தக் கடையிலும் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. பதினொன்றரைக்கு மழை பிடித்துக்கொள்ள, பஸ் ஏறி நகர மையத்தில் ஓர் அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினேன். வெளிநாட்டவருக்கு 15 வெள்ளி. மழைக்கு ஒதுங்க இது கொஞ்சம் அதிகம்தான்.

மூன்றாம் மாடியில் கானா நாட்டு அகான் மக்களின் எடைக்கற்கள் இருந்தன. தங்கத் தூளே பணமாகப் புழங்கிய காலத்தில் அதை நிறுக்க வார்த்த பித்தளை உருவங்கள். பெரும்பாலும் கட்டைவிரல் அளவு. பறவை, மீன், முக்காலி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கருத்து உண்டு. வாயால் சொல்லத் தயங்குவதை ஒரு கல்லை அனுப்பியே உணர்த்துவதும் உண்டாம். கைமாறுவதற்காகச் செய்தவை, இப்போது எண் ஒட்டிக் கண்ணாடிக்குள் கிடக்கின்றன. ஒன்றில் இரண்டு முதலைகள் குறுக்காகப் பிணைந்திருந்தன. இரண்டுக்கும் வயிறு ஒன்றுதான்.

அங்கே காவல் பணியில் இருந்த ஹமீதா, மார்சிலிங்கில் வசிக்கும் தமிழ்ப் பெண், அருகில் வந்தார். "நாப்பது நிமிஷமா இங்கயே நிக்கிறீங்க. அந்தப் பக்கம் பெஞ்ச் இருக்கு லா" என்றார், சிங்கப்பூர்ப் பேச்சுவழக்கில்.

இந்த முதலைகள் எதற்காகச் சண்டை போடுவதுபோலப் பிணைந்திருக்கின்றன என்று கேட்டேன்.

"எது தின்னாலும் ஒரே வயித்துக்குத்தான் போகுது. ஆனா ரெண்டுக்கும் தன் வாயாலதான் திங்கணும்."

அருங்காட்சியகத்தின் பெயர் போட்ட விளக்க அட்டையும் தெரியும்படி முதலைகளைப் படம் எடுத்து, ஒரு வார்த்தையும் சேர்க்காமல் சுதாவுக்கு அனுப்பினேன். அரை நாள் விடுப்புப் போட்டு, இரண்டே முக்காலுக்கு வந்து நின்றாள். கண்ணாடி முன் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, அப்பாகிட்ட நாம ரெண்டு பேருமே கேக்கலியே."

அருங்காட்சியக வாசல் படியில் உட்கார்ந்து அப்பாவைப் போனில் கூப்பிட்டோம். இருவர் சொன்னதையும் முழுதாகக் கேட்டுக்கொண்டார். "நான் இங்கயே இருக்கேன். சமைக்க ஒரு ஆள் பாருங்க, போதும்" என்றார். எங்கள் இருவருக்குமே அது பிடிக்கவில்லை. சரி என்றோம்.

இந்த எடைக்கற்களைப் பார்க்கப் போகிறவர்கள் வார நாளில் போங்கள், இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். தற்காலிகக் கண்காட்சி என்பதால் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. உள்ளே குளிர் அதிகம். கற்கள் சிறியவை, போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள், ஃபிளாஷ் கூடாது.

சமைக்க ஆள் வந்து மூன்று வாரம் ஆகிறது. நானும் சுதாவும் தினம் இரண்டு முறை அப்பாவைக் கூப்பிட்டு, விழுந்தீங்களா, சாப்பிட்டீங்களா என்று துளைக்கிறோம். எங்களுக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவர் நன்றாகத் தூங்குகிறாராம்.