தறி இருந்தால் வீடில்லை

இன்ஷூரன்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் வயிறு எரியும். யாராவது சிரித்த முகத்தோடு பாலிசி விஷயமாகப் படியேறினால், "வேற வீடு பாருங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பிவிடுவேன். என் பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

எழுபதுகளில் நான் காஞ்சிபுரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். என் வீட்டுக்காரர் பட்டு நெசவாளி. என் சம்பளத்தைக் காட்டிக் கடன் வாங்கித்தான் எங்கள் வீட்டைக் கட்டினோம். இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று கடன் கொடுத்தவர்கள் சொன்னார்கள். தீ, புயல், வெள்ளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து எடுத்தேன். ஒரு வருஷம்கூடத் தவறாமல் கட்டினேன். வீடு என்றால் பெரிய வீடில்லை. முன்னால் ஒரு கூடம், ஒரு சமையலறை. பின்னால் மங்களூர் ஓடு போட்ட நீள அறை. அந்த அறையில்தான் அவருடைய தறி இருந்தது.

ஒரு கார்த்திகை மாதம் புயல் அடித்தது. மத்தியானமே பள்ளியை விட்டுவிட்டார்கள். முட்டிவரை தண்ணீரில் நடந்து நான் வீடு வந்து சேர்ந்தபோது, பின்னறையில் பாதிக்கு மேல் ஓடு இல்லை. பக்கத்துச் சுவர் சரிந்து கிடந்தது. தெருக்காரர்கள் நாலைந்து பேர் தறிமேல் தார்ப்பாயை விரித்து, காற்று பிடுங்கிக்கொண்டு போகாமல் மூலைக்கு ஒருவராகப் பிடித்தபடி நனைந்துகொண்டிருந்தார்கள். தார்ப்பாய்க்கு அடியில் என் வீட்டுக்காரர் பாவின்மேல் கவிழ்ந்து கிடந்தார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் பூட்டியிருக்கும் பட்டிழை. அதில் மூன்று புடவை நெய்யலாம். பட்டு, கூலிக்கு நெய்யக் கொடுத்த முதலாளியுடையது; கூரைதான் எங்களுடையது. பட்டைக் காப்பாற்றிவிட்டார்கள்.

"கூரை போனா போவட்டும், இன்ஷூரன்ஸ் இருக்குது" என்றேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு. அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். "சீக்கிரம் வந்தா செரி. கூரை ஏறலன்னா நான் வேற ஒருத்தன் ஊட்டுத் தறில கூலிக்குப் போயி உக்காரணும். அது மட்டும் என்னால ஆவாது" என்றார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் சொந்தத் தறியில் நெய்தவர்கள். அந்தக் கவலைதான் அவரைத் தின்றது.

மூன்று வாரம் கழித்து மெட்ராஸிலிருந்து சர்வேயர் வந்தார். சேதத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போக வேண்டியவர். நான் லீவு போட்டுவிட்டு, விழுந்த சுவரைத் தொடாமல் அப்படியே வைத்துக் காத்திருந்தேன். ஆனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் சௌக்கியம் கேட்பதற்கு முன்னால் "தறியில என்னா ஓடுது?" என்றுதான் கேட்பார்கள், வீட்டில் இருப்பவரும் முதலில் தறியைத்தான் காட்டுவார். இவரும் அதைத்தான் செய்தார். சர்வேயரை நேராகத் தறிக்கு அழைத்துப்போய், மேலே மூடியிருந்த துணியை விலக்கி, அரக்குப் புடவையையும் அதன் கரையையும் காட்டினார்.

"அழகா இருக்கே. தினமும் நெய்வீங்களா?" என்றார் சர்வேயர்.

"வருசம் பூரா தறி ஓடிக்கினேதான் சார் இருக்கும்" என்று இவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

சர்வேயர் அதை எழுதிக்கொண்டார். "சார், சுவரைப் பாருங்க சார்" என்று நான் பின்னாலேயே போய்க் கெஞ்சினேன். எட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவிட்டார்.

அடுத்த மாதம் இங்கிலீஷில் கடிதம் வந்தது. பாலிசி குடியிருக்கும் வீட்டுக்கு மட்டுமாம். இடிந்த பகுதி தொழிற்கூடமாம். ஆகவே ஒன்றும் கிடையாதாம். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த அறையில்தான் நாங்கள் படுத்தோம். என் இரண்டாவது பிள்ளை அங்கேதான் பிறந்தான். இந்த ஊரில் தறி இருக்கிற வீட்டையெல்லாம் வீடில்லை என்று தள்ளிவிட்டால் அப்புறம் எத்தனை வீடு மிஞ்சும்?

"சொவத்தக் காட்டுங்கன்னா தறியக் காட்டிக்கினு நின்னீங்களே!" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"ஊட்டுக்கு வந்தவனுக்குத் தறியக் காட்டாம வேற இன்னாத்தக் காட்டுவாங்க?" என்றார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். "பணம் கட்டும்போது வீடு, கேக்கும்போது ஃபாக்டரியா சார்?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன். மேனேஜர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "மறுபடியும் சர்வேயரை அனுப்பறேன் மேடம். ஆனா அவர் வரும்போது அங்க தறி இருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வீட்டுக்கு வந்து, தறியைக் கழற்றிவிடுங்கள் என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், இரண்டு புடவை முடிந்திருந்த பாவை அறுத்தார். மீதியைச் சுருட்டி முதலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். தறிச் சட்டங்களைப் பிரித்துப் பரணில் ஏற்றினார். ஆனால் நெசவாளி காலை விட்டு உட்காரும் பள்ளத்தை எந்தப் பரணில் ஏற்றுவது? தறிக்குழியைப் பார்த்தால் குருடனுக்குக்கூட விஷயம் தெரிந்துவிடும். இரண்டு வண்டி மண் அடித்து மூடினோம். நானும் கூடை தூக்கினேன். மேலே சாணம் மெழுகி ஒரு கட்டிலைப் போட்டேன். பொய் சொல்லக் கூடாது என்று பள்ளியில் காலையில் பாடம் நடத்திவிட்டு வந்துதான் இதைச் செய்தேன். எனக்கு வெட்கமாக இல்லை, கோபமாக இருந்தது.

சர்வேயர் என்றைக்கு வேண்டுமானாலும் வரலாம் என்பதால் என் வீட்டுக்காரர் வீட்டைவிட்டு நகரவில்லை. கூரையில்லாத அறையில், அந்தக் கட்டில்மேல், கையைத் தொடையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. கடிதம்தான் வந்தது. முதல் சர்வேயர் எழுதியதே போதுமானது, மறுபடி பார்க்கத் தேவையில்லை என்று முடித்துவிட்டார்கள். அவருக்குப் படித்துச் சொன்னேன். வாயில் வந்தபடி அந்த மேனேஜரைத் திட்டினேன்.

மறுநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேலைக்குப் போயிட்டு வரேன்" என்றார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.