முனீஸ்வரனுக்கு வந்த பிராந்தி

2023 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. குடியை விட்டபின் வழக்கமாகிவிட்டபடி, காலையில் பூன் லேயில் உள்ள வீட்டிலிருந்து ரயிலேறி, லிட்டில் இந்தியாவுக்கு அருகே முனீஸ்வரன் சந்நிதியில் தரை துடைக்கப் போனேன். ஒருவர் நேர்த்திக்கடனாகப் பிராந்தி கொண்டுவந்தார். பூசாரி புட்டியை என்னிடம் நீட்டினார்.

"மூடியத் திறந்து கிளாஸ்ல ஊத்துங்கண்ணே."

சாமிக்குத்தானே என்றது மனம். மிச்சம் யாருக்கு என்றும் அதுவே கேட்டது.

"என்னால முடியாது. நான் குடிச்சு அழிஞ்சவன்," என்றேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப எலுமிச்சம்பழம் நறுக்குங்க லா. சாமி கோவிச்சுக்காது," என்றார் பூசாரி.

நறுக்கும்போதும் கண் புட்டியிலேயே இருந்தது. இந்த ஆசையை எடுத்துவிடு என்று தினமும் வேண்டியும் அது போகவில்லை. அன்று, அதை மறைக்காமல் சொல்லும் துணிவை மட்டும் வேண்டினேன்.

மறுநாள் காலை எழுந்ததும் முதலில், என்னைப் போலவே குடியை விட்ட நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, "இன்னும் குடிக்கணும்னு இருக்கு," என்றேன்.