போடிமெட்டில் கைக்கு ஒரு மூடி

சித்தப்பா மகள் செல்வி போடிமெட்டுக்கு மேலே இரண்டு ஏக்கரில் ஏலக்காய் வைத்திருக்கிறாள். போன ஆவணியில் அவளிடமிருந்து போன்: "அக்கா, மழையில காய் அழுகுது. நானோ வெள்ளி மருந்துன்னு ஒண்ணு எங்க வீட்டுக்காரரு வாங்கியாந்திருக்காரு. என் தேனீக்கு ஆகுமா ஆகாதா? வெரசா வா." மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், நானோ துகள்கள் மீன் குஞ்சுகளை என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் என் சோலி. சொந்தபந்தத்தில் எனக்குப் பேரே 'நானோ அக்கா'. போகாமல் இருக்க முடியுமா?

காலை 8.20க்கு ரயில். போடி 90 கி.மீ., டிக்கெட் 45 ரூபாய், 10.30க்கு இறங்கினேன். அங்கிருந்து மெட்டுக்கு 27 கி.மீ., ஜீப்பில் ஆளுக்கு 100 ரூபாய். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், பட்டவள் சொல்கிறேன். ஐந்தாவது வளைவிலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எலுமிச்சம்பழத்த மோந்துக்கங்க ஆத்தா, இன்னும் பன்னெண்டு வளைவு கெடக்கு" என்று டிரைவர் நீட்டினார். நல்லா இருக்கட்டும் அவர்.

ஏலப்பூ விடியலில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். அதற்குள் தேனீ வந்து உட்கார்ந்தால்தான் காய். அதனால் நான்கு தேனீப் பெட்டிகளைச் செல்வி பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்கிறாள். மருந்து அடிக்காவிட்டால் காய் போகும், அடித்தால் தேனீ போகுமோ என்று பயம்.

"படிச்ச மதினி, ஒத்த வார்த்தை சொல்லுங்க. அடிக்கலாமா, வேண்டாமா?" என்றார் அவள் வீட்டுக்காரர் பாண்டி.

கண்ணுக்கே தெரியாத அந்த வெள்ளித் துகள் பூஞ்சையைக் கொல்லும், எனக்குத் தெரியும். மீனின் செவுளில் போய் ஒட்டும், அதையும் பார்த்திருக்கிறேன். மழையில் கரைந்து ஓடைக்குப் போனாலும் அது இல்லாமல் போய்விடாது. ஆனால் இந்த மலைத் தேனீயை என்ன செய்யும்?

"தெரியல மாப்ளே" என்றேன். வெட்கமாக இருந்தது.

பாண்டி மருந்து பாட்டிலை எடுத்துவந்து காட்டினார். "நேத்தே ஓடையோர வரிசைக்கு ஒரு டேங்கு அடிச்சிட்டேன். அளவு ரெண்டு மூடி. நான் கைக்குன்னு ஒரு மூடி சேத்து ஊத்துனேன்." எந்த மருந்தானாலும் இங்கே அப்படித்தான், ஒரு மூடி கூட ஊற்றாவிட்டால் மனசு ஆறாது.

"அட பாவி மனுசா! கொசுறு போட இது என்ன கறிவேப்பிலையா?" செல்வி ஓடினாள். நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

ஓடையோரப் பெட்டியின் வாசலில் ஒரு கைப்பிடித் தேனீ செத்துக் கிடந்தது. செல்வி அப்படியே உட்கார்ந்து அழுதாள். பாண்டி ஈரத் தரையில் மண்டியிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தைல டப்பாவில் போட்டார். இறக்கை ஒடியாமல் எடுத்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. "காய் அழுகுனா அழுகட்டும்" என்று மிச்ச மருந்தை இறுக மூடி எடுத்து வைத்துவிட்டு, ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லி டப்பாவை என்னிடம் தந்தார்.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் அவசியம், கீழே இறங்க ஐந்து மணிக்குள் ஜீப் பிடியுங்கள். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு: தேனீ பறக்கும் காலை நேரத்தில் எதையும் அடிக்காதீர்கள், ஒரு மூடிகூடக் கூட்டாதீர்கள், டேங்கை ஓடையில் கழுவாதீர்கள்.

ஆய்வகத்தில் பார்த்தோம். தேனீக்களின் உடம்பில் வெள்ளி இருந்தது. கொன்றது அதுதானா, மழையா, வேறு நோயா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. போனில் விளக்கினேன். பாண்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நான் கொன்னேனா, கொல்லலையா மதினி?" என்றார்.