உடம்பில் ஒன்றுமில்லை

எங்கள் ராத்தாவைக் கொண்டுபோனது வைசூரிதான். ஆனால் வீட்டை விட்டுக் கொண்டுபோன அன்று அவருக்கு வைசூரி இல்லை. இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் எனக்குக் கதை வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள்.

அது ஐம்பதுகளில், வாப்பா சாய்ந்தமருதுக் கரையில் கரைவலை இழுத்த காலம். இந்தியாவில் இருந்து களவாகத் தோணியேறி வந்த ஒருவரோடு வைசூரியும் வந்து இறங்கிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. கல்முனைக்கு வடக்கே கடற்கரை மணலில் கிடுகால் கொட்டில்கள் கட்டி, நோய் கண்டவர்களை அங்கே வைத்தார்கள். வைசூரிக் கொட்டில் என்றாலே பிள்ளைகள் நாங்கள் அழுகையை நிறுத்திவிடுவோம்.

எனக்கு மூத்த ராத்தாவுக்குக் கலியாணம் முடிந்து, மச்சான் எங்கள் வீட்டோடு வந்திருந்த புதிது. ஒரு காலையில் ராத்தாவின் கழுத்தடியில் நீர்க் கொப்புளம் ஒன்று. அடுத்த நாள் உடம்பெல்லாம். உம்மா வேப்பிலையும் பச்சை மஞ்சளும் அரைத்து உச்சி முதல் பாதம் வரை அப்பிவிட்டார். பக்கத்து வீட்டுச் சாச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன கா, மூத்தவளுக்கு ரெண்டாம் கலியாணமா? மஞ்சள் மணக்கு!"

"வேர்க்குரு கா, வேறொண்டுமில்ல" என்றார் உம்மா.

ராத்தாவின் முதுகைப் பார்த்தவள் நான். வேப்பங்குழையால் விசிறி, தினவெடுத்த இடங்களைத் தடவிக் கொடுப்பது என் வேலை. ஒரு கொப்புளம் அப்போதுதான் நீர் கட்டும். பக்கத்தில் ஒன்று உடைந்திருக்கும். அதற்கும் பக்கத்தில் ஒன்று காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். அதுதான் கொப்பளிப்பான் என்கிற சின்னம்மையின் அடையாளம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வைசூரி அப்படியில்லை. எல்லாம் ஒரே நாளில் பிறந்த பிள்ளைகள் போல ஒரே பருவத்தில் நிற்குமாம். முகத்திலும் கைகாலிலும் அடர்ந்து, நெஞ்சிலும் முதுகிலும் குறைந்திருக்குமாம்.

யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் டொக்டர் வேலை பார்த்த அப்போதிக்கரியும் சுகாதார உத்தியோகத்தர் ஒருவரும் வந்தார்கள். மச்சான் அறை வாசலில் சேலையொன்றைத் திரையாகக் கட்டினார். ராத்தா திரைக்குள்ளால் கைகளை நீட்டினார், பிறகு கால்களை. கடைசியாக முக்காட்டை விலக்கி முகத்தைக் கொஞ்சம் காட்டினார். மஞ்சள் காய்ந்து பாளமாகக் கிடந்ததில் எது நீர், எது பொருக்கு என்று யாருக்கும் தெரியாது.

"இதைக் கழுவுங்க" என்றார் அப்போதிக்கரி.

"தண்ணி படப்படாது சேர்" என்றார் உம்மா.

"அப்ப நெஞ்சையும் முதுகையும் பார்க்கணும். அதைப் பார்க்காம ஒண்டும் சொல்ல ஏலாது."

"அது நடக்காது" என்றார் மச்சான். "அந்நிய ஆம்பிளைக்குக் காட்டுறதா?"

"மருத்துவிச்சி வந்து பார்க்கட்டும்."

"வைசூரி எண்டு கேட்டதும் அவ ஊரை விட்டே போயிட்டா."

அப்போதிக்கரி நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு உம்மாவிடம் திரும்பினார். "சரி, நீங்க பார்த்துச் சொல்லுங்க உம்மா. முகத்தில கூடுதலா, உடம்பில கூடுதலா?"

உம்மாவுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். கொப்புளம் குறைந்தால் நோயும் குறைவு. திரைக்கு உள்ளே போனார், வெளியே வந்தார். "உடம்பில ஒண்டுமில்ல சேர். முதுகு பளிங்கு மாதிரிக் கிடக்கு. இந்த முகத்திலயும் கையிலயும் மட்டும்தான் கொஞ்சம்."

அப்போதிக்கரியின் முகம் கறுத்தது. "அப்ப இது வைசூரிதான்."

உம்மா திரையைப் பிடித்துக்கொண்டார். "இல்ல சேர், பொய் சொன்னன்! முதுகு நிறைய இரிக்கி! நெஞ்சு நிறைய இரிக்கி!"

"இவ்வளவு நேரமும் இல்லாதது இப்ப எப்பிடி வந்திச்சி?" என்றார் உத்தியோகத்தர். கொட்டிலுக்குப் போகாமல் இருக்க ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கதை கேட்டுச் சலித்தவர் அவர்.

அப்போதிக்கரி ராத்தாவின் கையில் இருந்து ஒரு பொருக்கை எடுத்துச் சின்னப் போத்தலில் போட்டார். "கொழும்புக்கு அனுப்புறன். கோழி முட்டைக்குள்ள வெச்சிப் பார்த்துச் சொல்லுவாங்க. அதுக்கு நாள் எடுக்கும். அது வரைக்கும் இவவை இஞ்ச வைக்க ஏலாது."

"முட்டைக்குத் தெரியுறது பெத்தவளுக்குத் தெரியாதா சேர்?"

"நீங்க சொன்னதை வெச்சித்தானே உம்மா நான் சொல்றன்."

உம்மா பிடித்திருந்த திரையை விட்டார்.

மாட்டு வண்டி வந்தது. ராத்தா துப்பட்டியால் மூடிக்கொண்டு ஏறினார். என்னைப் பார்த்து, "இனி என்ட முதுகை ஆர் புள்ள தடவிவிடுற?" என்று சிரித்தார். வைசூரி தொற்றாமல் இருக்க எங்கள் எல்லோருக்கும் அன்றே அம்மைப்பால் குத்தினார்கள். ராத்தாவுக்குக் குத்தவில்லை, நோய் வந்தவளுக்கு எதற்கு என்று. சின்ன வயதிலும் அவருக்குக் குத்தவில்லை. அம்மைப்பால் குத்துகிறவர் வந்தபோதெல்லாம் உம்மா ராத்தாவை நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.

வாப்பா தோணியில் போகும்போது அந்தப் பக்கம் பார்ப்பாராம். புகை தெரியும். ஆள் தெரியாது.

என் தோளில் அம்மைப்பால் குத்திய புண் ஆறும்போது, வயிற்றில் நீர்க் கொப்புளங்கள் கண்டன. அப்போதிக்கரி மறுபடி வந்தார். நான் சின்னப்பிள்ளை. எனக்குத் திரை கட்டவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தார். முதுகைத் திருப்பிப் பார்த்தார். புதியது, உடைந்தது, காய்ந்தது எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. முற்றத்து உரலில் அப்படியே குந்திவிட்டார்.

"இது கொப்பளிப்பான். இது ராத்தாட்ட இருந்துதான் வந்திரிக்கி."

வாப்பா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கடற்கரையால் ஓடினார். கொட்டில் காவல்காரர் தூரத்திலேயே மறித்தார். "நேத்து திரும்பவும் காய்ச்சல் தொடங்கிட்டு காக்கா. இடுப்பு முறியுது எண்டு கத்துறா." பிறகு பழைய பொருக்கு உதிர்ந்த தோலில் புதிதாகக் கொப்புளம் எழும்பியது. இந்த முறை எல்லாம் ஒரே பருவத்தில், முகத்தில் அடர்ந்து. இது வைசூரி, பக்கத்துப் பாயில் கிடந்தவர்களிடம் இருந்து வந்தது.

ராத்தாவை அங்கேயே சுண்ணாம்பு போட்டு அடக்கினார்கள். உம்மாவைக் கொண்டு குளிப்பாட்டவும் விடவில்லை. பள்ளிவாசலில், முன்னால் உடல் இல்லாமலே மையத்துத் தொழுகை தொழுதார்கள்.

கொழும்பில் இருந்து பதில் வந்ததைச் சொல்ல அப்போதிக்கரி தானே வந்து வேலிக் கடப்படியில் நின்றார். போத்தலில் போனது வைசூரி இல்லையாம்.

"முட்டை உண்மை சொல்லிச்சாக்கும்" என்றார் உம்மா. அவரை உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு உம்மாவின் வாயில் 'ஒண்டுமில்ல' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. வீட்டில் அரிசி இல்லாவிட்டாலும் "முடிஞ்சிட்டு" என்பார். கண் மூடி மௌத்தாகும் வரை அப்படித்தான்.

போன மாசம் என் முதுகில் ஒரு பக்கமாக நெருப்பு வைத்ததுபோல எரிச்சல். அக்கி என்றார் ஆஸ்பத்திரியில் இருந்த இளம் பெண் டொக்டர்.

"சின்ன வயசில கொப்பளிப்பான் வந்திச்சா உம்மா?"

"ஓம்."

"அது போகல்ல. நரம்புக்குள்ள ஒளிச்சிக் கிடந்து இப்ப வந்திரிக்கி."

ராத்தாவின் படம் ஒன்றும் எங்களிடம் இல்லை. அடக்கிய கபுறு எந்த மணலில் என்றும் தெரியாது. அவரிடம் இருந்து வந்தது இது ஒன்றுதான் இத்தனை காலமும் என்னோடு கிடந்திருக்கிறது.

"வேற எங்கயும் இரிக்கா? நெஞ்சில, வயித்தில?" என்று கேட்டார் டொக்டர்.

உம்மா கைவிட்ட அந்தச் சொல் என் வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டு, திரையை இழுத்துவிடச் சொல்லி, சட்டையைக் கழற்றினேன். பார்ப்பதற்கு ஒரு பெண் வந்திருக்கிறார். ராத்தாவுக்கு வரவில்லை.