யூசுப் பாய் காருக்கு ஒரு டிஃப்ரன்ஷியல்

டிஃப்ரன்ஷியல் வேலை என்பது, இன்ஜினின் இழுவையைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும், கார் ஒழுங்காக ஓடும்வரை யாரும் நினைத்தே பார்க்காத ஓர் இரும்பு உருண்டையை, காருக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்துக்கொண்டிருப்பது. பழைய கார் வைத்திருந்தால் இந்த அவஸ்தை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஓரத்து மணல்

கோட்டக்குப்பம் யூசுப் பாய் முப்பது வருஷம் வளைகுடாவில் அடுத்தவர் காரை ஓட்டியவர். ஊர் திரும்பியதும் இரண்டே சீட் உள்ள பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, திண்டிவனத்தில் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஓட்டிப் பார்க்க மரக்காணம் பக்கம் போனோம். காலைப் பனியில் உப்பளமும் வானமும் ஒன்றாகிக் கிடந்தன. கார் மிதந்துகொண்டு போவதுபோல இருந்தது. ஓரத்து மணலில் இறங்கியதும் நின்றுவிட்டது. வலது பின்சக்கரம் வீணாகச் சுற்ற, இடது அசையவில்லை. தள்ளிவிட வந்த மீனவர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒண்ணு வேலை செய்யுது, இன்னொண்ணு வேடிக்கை பார்த்துக்கினு நிக்குதுங்க."

பிளேட்டா, பல்சக்கரமா

ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றதுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல் போடலாம் என்றேன். அதில் பிளேட் வகைக்கு முரட்டுப் பிடி. ஆனால் திருப்பத்தில் கடகடக்கும், தேயவும் செய்யும். பல்சக்கர வகை சத்தமே போடாது. ரேஸ் காரில் இருப்பது பிளேட்தான் என்று பாய் அதையே கேட்டார். மறுநாள் மாற்றிச் சொன்னார். மூன்று வாரம் இப்படியே போனது.

கடைசியில் மனைவி நூர்ஜகானை அழைத்து வந்தார். இரண்டின் குணத்தையும் கேட்டுக்கொண்ட அந்த அக்கா காரில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணையும் மூடிக்கொண்டார். எங்கோ போய்க்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"முப்பது வருஷம் போன்லயே பேசிட்டோம். இதுல போறப்பவாவது அவரு பேசறது நேரா காதுல விழணும்."

அந்தரத்தில்

பல்சக்கர வகையைப் பொருத்தினேன். அவர்கள் இருவரும் காரில் உப்பளம் போக, நான் பைக்கில் பின்னால் போனேன். மணலைச் சுலபமாகத் தாண்டியது. அந்தச் சந்தோஷத்தில் பாய் உப்புப் பாத்திக் கரையை ஒட்டித் திருப்ப, ஒரு பின்சக்கரம் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கிச் சுற்றியது. கீழே உப்புத் தண்ணீர். முழுசாகத் தொங்கும் சக்கரம் இருந்தால் இந்த வகைக்கு இழுவை வராது. அதை முன்பே சொல்லாதது என் தப்பு. பைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன்.

ஜன்னலோரம் குனிந்து, ஆக்சிலேட்டரை விடாமல் கை பிரேக்கை லேசாக இழுக்கச் சொன்னேன். தொங்கிய சக்கரத்தின் வேகம் குறைய, தரையிலிருந்த சக்கரம் மெதுவாகப் பிடித்துக்கொண்டது. கார் மேலேறி வந்தது. பாய் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் முதுகைத் தடவியபடி அக்கா என்னிடம் சொன்னார்:

"இவரும் இப்படித்தாங்க. லேசா புடிச்சு நிறுத்தினாதான் நகருவாரு."

பின்சக்கரத்துக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிஷம் போதும். முன்னால் உட்காருகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் வாரக்கணக்கில் ஆகிறது.