சிவப்பில் வந்த வரிகள்

பெங்களூர் பீன்யாவில், வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் கடையும் ஒரு சின்ன பேக்டரியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மணிக்கொரு தரம் ஒரு பாகத்தை அளந்து ஷீட்டில் எழுதுவது எங்கள் வேலை. பைத்தான் படிக்க ஆரம்பித்தபோது, பழகுவதற்காக, அந்த ஷீட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். கை சும்மா இருக்கவில்லை. நிஜமாக அளந்தால் ஒரு மைக்ரானாவது முன்னே பின்னே வரும். அப்படி மாறாமல் ஒரே அளவு தொடர்ந்து வந்தால் சிவப்பில் காட்டும்படி நாலு வரி கூட்டினேன்.

ஓடவிட்டதும் பக்கத்து மேஜை அக்காவின் ஷீட் முழுக்கச் சிவப்பு. அளக்காமலே முந்தின எண்ணை எழுதியிருக்கிறார். எனக்குச் சுர்ரென்று வந்தது. "என்னக்கா இது?" என்று கேட்டேன்.

அவர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "மெஷின் நல்லா ஓடுச்சுன்னா எல்லாரும் இப்படித்தான் எழுதுறோம். உன் பழைய ஷீட்டையும் போட்டுப் பாரேன்."

போட்டேன். அவருடையதைவிட என்னுடையதில் சிவப்பு அதிகம். அந்தப் பாகங்கள் இப்போது எந்தெந்த வண்டியில் ஓடிக்கொண்டிருக்கின்றனவோ!

அந்த நாலு வரியையும் அழித்துவிட்டு புரோகிராமை மேனேஜரிடம் ஓட்டிக் காட்டினேன். "சூப்பர் குரு! ஒரு தப்புகூட காட்டலையே" என்று தோளில் தட்டினார்.