அடித்தது யார் என்று கேட்டார்கள்

அந்த வருடம் எங்கள் தெருவில் இருமல் கேட்காத வீடு கிடையாது. ஃப்ளூ காய்ச்சல் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்களும் படுத்துவிட்டதால், கருவாட்டையே மாற்றி மாற்றிச் சமைத்து ஒப்பேற்றினோம். எனக்கும் வந்தது. உடம்பை முறித்துப் போட்டது, நெஞ்சு வலிக்க இருமினேன், பிறகு போயும்விட்டது. எழுந்து அடுப்படிக்குத் திரும்பிய பிறகு அதை மறந்தே போனேன்.

சில வாரம் கழித்து ஒரு நாள் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யும்போது, வாய் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாக வந்தது. ஈறில் புண் என்று நினைத்தேன். பிறகு கணுக்காலைச் சுற்றி கேழ்வரகு சிதறியதுபோல் சிவப்புப் புள்ளிகள். மூட்டைப்பூச்சிதான் என்று பாயை வெயிலில் போட்டு நன்றாக அடித்தேன். அப்புறம் தோளிலும் தொடையிலும் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாகக் கன்ற ஆரம்பித்தது. எங்கும் இடித்துக்கொண்ட ஞாபகம் இல்லை.

தலைக்கு எண்ணெய் வைக்க உட்கார்த்திய உம்மா, என் தோளைப் பார்த்துவிட்டார். தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நேராக என் நானாவிடம் போனார். எங்களுக்கு அண்ணன் என்றால் நானா, அப்பா என்றால் வாப்பா. வாப்பா மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகு வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

எங்கள் தெருக்களில் கல்யாணமானால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். பெண்ணுக்கு அது பாதுகாப்பு என்பார்கள். பாதுகாப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அறைக்குள் அவர் சத்தம் போட்டால் கூடத்தில் இருக்கும் எல்லோர் காதிலும் விழும். என் வீட்டுக்காரருக்கோ பிறவியிலேயே பெரிய தொண்டை. ஜவுளிக்கடையில் சேலையின் விலையை அவர் சொன்னால் எதிர்க்கடைக்காரருக்கும் கேட்கும். டீ ஆறிவிட்டது என்று ஒரு தடவை கோப்பையை முற்றத்தில் விட்டெறிந்திருக்கிறார். கோப்பையைத்தான். என்மேல் அவர் கை ஓங்கியதே இல்லை.

அதைத்தான் உம்மாவிடமும் நானாவிடமும் சொன்னேன். நிதானமாகச் சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன், கத்தியும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் சந்தேகம் கூடிக்கொண்டுதான் போனது.

"அடி வாங்குறவ எவ ஒத்துக்கிட்டா?" என்றார் உம்மா. "நான் பார்க்காத பொண்ணா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? ஆமாம் என்றால் அவர் அடித்தவர். இல்லை என்றால் நான் அவருக்குப் பயந்தவள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மிக்கல்லையே தூக்கிப் போட்டிருப்பேன்.

அன்று சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்தபோது, அவருடைய டிரங்குப் பெட்டி வாசலில் இருந்தது. நானா பக்கத்தில் நின்றார்.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் பள்ளிவாசல்ல பெரியவங்க கேப்பாங்க. அங்க வந்து பதில் சொல்லுங்க மாப்பிள்ளை."

அவர் நானாவைப் பார்த்தார், கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். அந்தப் பெரிய தொண்டை அன்று தணிந்துதான் பேசியது.

"பொண்டாட்டிய அடிச்சியான்னு நாலு பேர் முன்னால கேட்டா, அதுக்கு நான் பதில் சொல்லமாட்டேன். உங்க பொண்ண நீங்களே வச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய ரோஷம் எனக்குத் தெரியும். சபையில் நிற்கவைத்துக் கேட்டால், இல்லை என்ற ஒரு வார்த்தை சொல்வதற்குப் பதில் தலாக்கைச் சொல்லிவிட்டு வருகிற ஆள். வெள்ளிக்கிழமைக்குள் நான் ஏதாவது செய்தாக வேண்டும். செய்யாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அவர் போன பிறகும் புதிதாகக் கன்றியது. "இப்ப யாரு வந்து அடிச்சிட்டுப் போனா?" என்று உம்மாவிடம் கையை நீட்டினேன்.

"ஊமைக்காயம் மவளே. உள்ளுக்குள்ள இருந்தது இப்பத்தான் வெளிய வருது."

அதற்கும் பதில் வைத்திருந்தார். ஆனால் வியாழக்கிழமை காலையில் குளிக்கும்போது என் கையில் வேறொன்று சிக்கியது. பாவாடை நாடா இறுக்கிய இடத்தில், இடுப்பைச் சுற்றி ஒரே சீராகச் சிவப்புப் புள்ளிக் கோடு. உம்மாவைக் குளியலறைக்கே கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாருங்க. நாடா கட்டுற எடமாப் பாத்து, வட்டமா அளந்து அடிச்சாரா உங்க மாப்பிள்ளை?"

உம்மா குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். பிறகு, "துப்பட்டியப் போடு, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றார்.

டாக்டர் பாண்டிச்சேரியில் படித்தவர். ஊரில் பிரெஞ்சுக்காரர் கொடி இறங்கி நம் கொடி ஏறிய பிறகும் கம்பவுண்டரைப் பிரெஞ்சில்தான் திட்டுவார். ஈறைப் பார்த்தார், கணுக்காலைப் பார்த்தார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை என் கையில் சுற்றிக் காற்றடித்துச் சற்று நேரம் அப்படியே விட்டார். கழற்றியபோது, பட்டைக்குக் கீழே கை முழுவதும் புள்ளி பூத்திருந்தது. உம்மா அதைப் பார்த்து முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சமீபத்துல காய்ச்சல் வந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார். வந்தது என்றேன்.

"அந்தக் காய்ச்சல விரட்ட உடம்பு சண்டைக்கு ஆள் கிளப்பிச்சு. காய்ச்சல் போயிடுச்சு, கிளம்புன ஆளு அடங்கல. ரத்தம் உறையறதுக்குன்னு ரத்தத்துல ஒரு துகள் இருக்கு, அதப் போட்டு அழிச்சிக்கிட்டிருக்கு. அதனாலதான் தொட்டா கன்றுது. சிலருக்குத் தானா நின்னுடும். ஆனா மண்டைக்குள்ள கசிஞ்சா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. இன்னைக்கே இங்க ஆஸ்பத்திரியில படுத்துடணும்."

பயந்தேன். நன்றாகவே பயந்தேன். என் உடம்பே என்னைப் போட்டு அடிக்கிறது என்றால் நான் யாரிடம் போய்ப் பிராது கொடுப்பது? இருந்தாலும், "நாளைக்கு ஜும்ஆவுக்கு அப்புறம் வந்து படுக்குறேங்க" என்றேன். கம்பவுண்டருக்குக் கிடைக்கிற பிரெஞ்சு முழுவதும் அன்று எனக்குக் கிடைத்தது. கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உம்மா எடுத்துச் சொல்லியும் நானா மசியவில்லை. "இவ அழுது கேட்டிருப்பா, டாக்டர் சொல்லியிருப்பாரு" என்று ஒரே பேச்சில் தள்ளிவிட்டார்.

வெள்ளிக்கிழமை. குளித்து வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் தடவி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நானா கிளம்பினார். நான் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தேன். சட்டைக் கையை மேலே ஏற்றி, கன்றாத கையை நீட்டினேன்.

"உங்க கைக்குட்டைய எடுத்து இதுல கட்டுங்க, நானா. இறுக்கிக் கட்டுங்க."

"விளையாடாத தங்கச்சி. தொழுகைக்குப் பாங்கு சொல்லிடுவாங்க."

"கட்டாம நீங்க இந்தப் படியத் தாண்ட முடியாது."

என் முகத்தைப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் குனிந்து கட்டினார். நான் சொன்னபடி இறுக்கித்தான் கட்டினார். உம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை மரத்துப் போகும்வரை இருந்துவிட்டு, "அவுத்துடுங்க" என்றேன்.

அவிழ்த்தார். முடிச்சு இருந்த இடம் சிவந்து கிடந்தது. அதற்குக் கீழே, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, புள்ளி புள்ளியாக எழும்பி வந்தது.

"இப்ப சொல்லுங்க நானா, என்னை அடிச்சது யாரு? நீங்கதானே?"

என் நானா சாகும்வரை அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். பள்ளிவாசல் எங்கள் வீட்டுக்கு வலது பக்கம். அவர் இடது பக்கம் திரும்பினார். சிறிது நேரத்தில், தொழுகைக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் பார்க்க, வெள்ளைச் சட்டையோடு டிரங்குப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். நாலடி பின்னால் என் வீட்டுக்காரர் வந்தார்.

சொன்ன வாக்குப்படி அன்றே போய் ஆஸ்பத்திரியில் படுத்தேன். பாண்டிச்சேரியிலிருந்து ஏதோ புது மாத்திரை வரவழைத்தார்கள். மாத்திரை நிறுத்தியதோ, தானாக நின்றதோ, புதுப் புள்ளி வருவது மெல்ல மெல்லக் குறைந்தது. அதுவரை என் வீட்டுக்காரர் கட்டிலை விட்டுத் தள்ளியே உட்கார்ந்திருந்தார். தண்ணீர்த் தம்ளரைக்கூடக் கையில் தராமல் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். விரல் பட்டால் கன்றிவிடும் என்று அந்தப் பெரிய தொண்டைக்காரருக்குப் பயம்.

நீலமெல்லாம் மஞ்சளாகி, மஞ்சளும் போய், வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஒரு மத்தியானம் அவராகவே என் மணிக்கட்டைப் பிடித்தார். மெல்லத்தான் பிடித்தார். விட்டுவிட்டு, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் எழும்பவில்லை.

அப்புறம் எத்தனையோ வருடம் ஒன்றாக வாழ்ந்தோம். சண்டை போட்டிருக்கிறோம், இன்னும் சில கோப்பைகள் முற்றத்துக்குப் போயிருக்கின்றன. ஆனால் என் கையைப் பிடித்த போதெல்லாம், விட்ட பிறகு அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வார். நானும் கையை உடனே இழுத்துக்கொள்ளாமல், அவர் பார்த்து முடிக்கும்வரை காட்டிக்கொண்டிருப்பேன்.